கம்ப்யூட்டர் புது ஃபைல் போடுவது எப்படி?

‘ஃபைல்’ என்றால் என்ன என்று தில்லித் தமிழர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. நம்மில் பாதிப்பேர் மத்திய சர்க்கார் அலுவலகங்களில் ஃபைல்களோடு காலம் தள்ளி ஓய்வு பெற்றவர்கள். மீதிப்பேர் அப்படிக் காலம் தள்ளியவர்களின் வீட்டில் பிறந்தவர்கள், அல்லது வாழ்க்கைப்பட்டு வந்தவர்கள். “ஃபைல் மேலே போயிருக்கிறது” என்ற வாக்கியத்தைக் கேட்டுக்கொண்டே வளர்ந்த பிள்ளைகள் இன்று கம்ப்யூட்டர் படித்துவிட்டு நொய்டாவிலும் குருகிராமிலும் வேலை பார்க்கிறார்கள். அங்கேயும் நாள் முழுவதும் ஃபைல், ஃபைல் என்றுதான் பேச்சு.

நான் ஒரு சர்க்கார் அலுவலகத்தின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சங்கத்துக்கு வரும் நண்பர்கள் சிலர் என்னிடம் கேட்பதுண்டு: “சேவ் என்ற பொத்தானை அமுக்குகிறோமே, அப்போது உள்ளே என்னதான் நடக்கிறது?” நல்ல கேள்வி. பதில் தெரிந்தால் லாபம் உண்டு, தெரியாவிட்டால் நஷ்டமும் உண்டு. அந்த நஷ்டத்தை எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் பட்டிருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் விஷயத்துக்கு வருவோம்.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம்

பெரிய அலுவலகங்களில் ரெக்கார்டு அறை என்று ஒன்று இருக்கும். அதற்குள் யாரும் நேரே நுழைந்து ஃபைலை எடுக்கவோ வைக்கவோ முடியாது. வாசலில் ஒரு ஜன்னல். வேண்டியதைச் சீட்டில் எழுதி ஜன்னலில் நீட்ட வேண்டும். உள்ளே இருப்பவர் சீட்டைச் சரிபார்த்து, விதிப்படி இருந்தால் செய்து தருவார். இல்லையென்றால் திருப்பி அனுப்புவார்.

கம்ப்யூட்டரிலும் இதே ஏற்பாடுதான். கடிதம் எழுதும் புரோகிராம், படம் பார்க்கும் புரோகிராம், பாட்டுக் கேட்கும் புரோகிராம் எல்லாம் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நிற்பவை. டிஸ்க்கை அவை நேரே தொட முடியாது. அந்தப் பக்கம் இருப்பது ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி. அதற்குக் கெர்னல் என்று பெயர். புரோகிராம் ஜன்னலில் சீட்டு நீட்டுவதைத்தான் ‘சிஸ்டம் கால்’ என்கிறார்கள். அதற்கென்றே பிராசஸரில் தனிக் கட்டளை ஒன்று உண்டு. அந்தக் கட்டளை வந்ததும் பிராசஸர் சாதாரண நிலையிலிருந்து முழு அதிகாரமுள்ள நிலைக்கு மாறி, கெர்னலின் வேலையைச் செய்துவிட்டு, மறுபடி சாதாரண நிலைக்குத் திரும்பி வரும்.

ஏன் இத்தனை கெடுபிடி என்று கேட்கலாம். ஒரே கம்ப்யூட்டரில் பல பேர், பல புரோகிராம்கள். ஆளாளுக்கு டிஸ்க்கில் கை வைத்தால் ஒருவர் எழுதியதன் மேல் இன்னொருவர் எழுதிவிடுவார். ரெக்கார்டு அறையைத் திறந்து போட்ட அலுவலகத்தின் கதி என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

ஓர் எழுத்துக் குறைந்த பெயர்

யூனிக்ஸ் என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தை 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் தொடங்கினார்கள். அதன் முதல் கையேடு 1971 நவம்பரில் வெளிவந்தது. இருக்கிற ஃபைலைத் திறக்க ‘ஓபன்’, புது ஃபைல் போட ‘கிரியேட்’ என்று அதில் இரண்டு தனித்தனிச் சிஸ்டம் கால்கள் இருந்தன.

இந்தக் கிரியேட்டின் எழுத்துக்கூட்டில் ஒரு வேடிக்கை உண்டு. ஆங்கிலத்தில் அந்தச் சொல்லின் கடைசி எழுத்து ‘ஈ’. சிஸ்டம் காலின் பெயரில் மட்டும் அந்த ஈ கிடையாது. பின்னாளில் ஒருவர் தாம்சனிடம், யூனிக்ஸை மறுபடி முதலிலிருந்து எழுதுவதானால் எதை மாற்றுவீர்கள் என்று கேட்டாராம். கிரியேட்டுக்கு அந்த ஈயைச் சேர்த்துவிடுவேன் என்று பதில் சொன்னாராம். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் ஈ சேரவில்லை. ஒருமுறை பதிவேட்டில் ஏறிவிட்ட பெயரைத் திருத்துவது எவ்வளவு கஷ்டம் என்று ரேஷன் கார்டில் பெயர் தப்பாக விழுந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

பின்னால் ‘ஓபன்’ என்ற காலுக்கே புது ஃபைல் போடும் அதிகாரத்தையும் கொடுத்துவிட்டார்கள். அதனால் கிரியேட்டின் தேவை குறைந்துவிட்டது. ஆனாலும் பழைய புரோகிராம்களுக்காக அது இன்னும் இருக்கிறது. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸிலும் அது உண்டு. உங்கள் சட்டைப்பையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனுக்குள் இருப்பதும் லினக்ஸ் கெர்னல்தான். ஊரிலிருந்து தங்கை அனுப்பும் கல்யாணப் பத்திரிகைப் படம் போனில் சேமிக்கப்படும்போது, இதே குடும்பத்தைச் சேர்ந்த ‘ஓபன்-அட்’ என்ற கால்தான் வேலை செய்கிறது.

சீட்டில் எழுத வேண்டிய மூன்று

ஓபன் காலுக்கான சீட்டில் மூன்று விவரங்கள் எழுத வேண்டும்.

முதலாவது, பெயரும் இடமும். எந்த அலமாரி, எந்தத் தட்டு, என்ன பெயர் என்பது. அலமாரியும் தட்டும் கம்ப்யூட்டரில் டைரக்டரி அல்லது ஃபோல்டர் எனப்படும்.

இரண்டாவது, என்ன செய்ய வேண்டும் என்ற குறிப்பு. படிக்கவா, எழுதவா, இரண்டுக்குமா? இந்தப் பெயரில் ஃபைல் இல்லாவிட்டால் புதிதாகப் போடலாமா? ஏற்கெனவே இருந்தால் உள்ளே இருப்பதை அழித்துவிட்டுத் தொடங்கலாமா, அல்லது கடைசியில் சேர்த்து எழுதலாமா? ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீடு உண்டு.

மூன்றாவது, யார் யாருக்கு என்ன உரிமை என்பது. உடைமையாளர், அவருடைய குழு, மற்றவர்கள் என்று மூன்று வகையினர். படிக்க 4, எழுத 2, புரோகிராமாக இயக்க 1 என்று மதிப்பு. படிக்கவும் எழுதவும் உரிமை என்றால் 4, 2 இரண்டையும் கூட்டி 6. ஆகவே 644 என்று எழுதினால், உடைமையாளர் படிக்கலாம், எழுதலாம். மற்ற இரு வகையினரும் படிக்க மட்டும் செய்யலாம். 600 என்றால் மற்ற இரு வகையினருக்கும் எந்த உரிமையும் கிடையாது.

புரோகிராம் 666 என்று தாராளமாகக் கேட்டாலும் கெர்னல் அப்படியே கொடுத்துவிடாது. ‘யூமாஸ்க்’ என்று ஒரு வடிகட்டி வைத்திருக்கிறது. அதில் 022 என்று இருந்தால், குழுவுக்கும் மற்றவர்களுக்கும் எழுதும் உரிமை கழன்றுபோய் 644தான் கிடைக்கும். 077 என்று இருந்தால் 600. வங்கிக் கணக்கு விவரம், ஆதார் கார்டின் நகல் போன்றவற்றைப் பலர் பயன்படுத்தும் கம்ப்யூட்டரில் வைப்பவர்கள் இந்த 077ஐ நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

ரெக்கார்டு அறைக்குள் நடப்பது

சீட்டு உள்ளே போனதும் கெர்னல் முதலில் அலமாரியைத் தேடிப் போகிறது. வழியில் உள்ள ஒவ்வொரு டைரக்டரிக்குள்ளும் நுழைய நமக்கு உரிமை இருக்கிறதா என்று பார்க்கிறது. கடைசி டைரக்டரியில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று தேடுகிறது. இல்லையென்றால், அந்த டைரக்டரியில் எழுத நமக்கு உரிமை உண்டா என்று பார்க்கிறது. இங்கேதான் பலர் குழம்புவார்கள். புது ஃபைல் போடுவது என்றால் டைரக்டரியில் ஒரு வரி எழுதுவது. ஆகவே டைரக்டரியில் எழுதும் உரிமைதான் வேண்டும். அழிப்பதும் அப்படியே. அழிப்பது என்றால் டைரக்டரியிலிருந்து ஒரு வரியை அடிப்பது.

உரிமை இருந்தால், கெர்னல் பதிவேட்டிலிருந்து ஒரு காலி எண்ணை எடுக்கிறது. இந்தப் பதிவுக்கு ‘ஐநோட்’ என்று பெயர். யாருடைய ஃபைல், என்ன உரிமைகள், எவ்வளவு நீளம், எந்த நேரத்தில் மாறியது, டிஸ்க்கில் எந்தெந்தக் கட்டங்களில் அதன் சரக்கு இருக்கிறது என்பதெல்லாம் ஐநோட்டில் இருக்கும். ஒன்றே ஒன்று மட்டும் இருக்காது. அது ஃபைலின் பெயர். பெயர் டைரக்டரியில்தான் இருக்கும். “இந்தப் பெயருக்கு இந்த எண்” என்று ஒரு வரி, அவ்வளவுதான். நம் அலுவலகங்களிலும் ஃபைலுக்கு எண் ஒரு ரிஜிஸ்டரிலும், பெயர்வாரிப் பட்டியல் வேறொரு ரிஜிஸ்டரிலும் இருக்குமே, அதே போலத்தான். அதனால் ஒரே ஃபைலுக்கு இரண்டு பெயர் வைக்கவும் முடியும். வீட்டில் ராஜு, பள்ளிக்கூடத்தில் ராஜகோபாலன், ஆள் ஒருவன்தானே!

புதிதாகப் பிறந்த ஃபைலுக்கு நீளம் பூஜ்யம். சரக்கு எதுவும் இல்லாததால் டிஸ்க்கில் அதற்குத் தனியாகக் கட்டம்கூட ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் ஐநோட் ஒன்று செலவாகிவிடுகிறது. பல ஃபைல் அமைப்புகளில் ஐநோட்டுகளின் எண்ணிக்கைக்கு ஒரு வரம்பு உண்டு. ஆகவே லட்சக்கணக்கில் குட்டிக் குட்டி ஃபைல்களைப் போட்டு நிரப்பினால், டிஸ்க்கில் இடம் மீதியிருந்தும் “இடமில்லை” என்ற பதில் வரக்கூடும்.

எல்லாம் முடிந்ததும் ஜன்னலில் நமக்கு ஒரு டோக்கன் எண் கிடைக்கும். 0, 1, 2 என்ற மூன்று டோக்கன்களும் வழக்கமாக முன்பே கொடுக்கப்பட்டிருக்கும். முறையே உள்ளே வருவதற்கு, வெளியே போவதற்கு, பிழைச் செய்திக்கு. அதனால் முதல் ஃபைலுக்குப் பெரும்பாலும் 3 கிடைக்கும். காலியாக உள்ள எண்களில் மிகச் சிறியதைத்தான் எப்போதும் கொடுப்பார்கள். இனிமேல் எழுதுவதற்கும் படிப்பதற்கும் பெயர் சொல்ல வேண்டியதில்லை, டோக்கனைக் காட்டினால் போதும். வேலை முடிந்ததும் ‘குளோஸ்’ என்று சொல்லி டோக்கனைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

கோரிக்கை நிராகரிக்கப்பட்டால் -1 என்று பதில் வரும். கூடவே காரணத்துக்கு ஓர் எண் கிடைக்கும். லினக்ஸில் 2 என்றால் அப்படி ஓர் இடமே இல்லை, 13 என்றால் அனுமதி இல்லை, 17 என்றால் அந்தப் பெயரில் ஏற்கெனவே இருக்கிறது, 28 என்றால் இடமில்லை. நமது அலுவலகங்களைப் போல “நாளைக்கு வாருங்கள்” என்று சொல்லும் வழக்கம் இங்கே இல்லை.

ஒரு வீட்டில் நடந்தது

இப்போது அந்தக் குடும்பத்தின் கதை. எனக்குத் தெரிந்த நண்பர் ஒருவர். அவருடைய தாயார் தஞ்சாவூர்ப் பக்கத்து அம்மாள். பல ஆண்டுகளுக்கு முன் தில்லிக்கு வந்திருந்தபோது அவர் பாடிய ஊஞ்சல் பாட்டுகளையும் நலங்குப் பாட்டுகளையும் நண்பர் ஒரு கேசட்டில் பதிவு செய்து வைத்திருந்தார். அம்மாள் காலமாகிவிட்டார். அந்தக் கேசட்தான் மிச்சம். கேசட் பழசாகிறதே என்று கவலைப்பட்டு, கம்ப்யூட்டருக்கு மாற்றித் தரும்படி மகனிடம் கொடுத்தார். மகன் கெட்டிக்காரன். தானே ஒரு சின்னப் புரோகிராம் எழுதினான். கேசட்டை ஓடவிட்டால் அது ஒலியைப் பதிந்து, அன்றைய தேதியைப் பெயராக வைத்துச் சேமிக்கும்.

முதல் பக்கம் ஓடி முடிந்தது. கேசட்டைத் திருப்பிப் போட்டு இரண்டாவது பக்கத்தையும் ஓடவிட்டான். அதே தேதி, அதே பெயர். புரோகிராம் எந்தப் புகாரும் சொல்லவில்லை. கடைசியில் திறந்து பார்த்தால் இரண்டாவது பக்கம் மட்டும்தான் இருந்தது. முதல் பக்கத்தை மறுபடி ஓடவிட்டபோது, பல ஆண்டுகள் கிடந்து நைந்துபோன டேப் உருளையில் சுற்றிக்கொண்டு கசங்கி அறுந்தது. நலங்குப் பாட்டு இருக்கிறது. ஊஞ்சல் பாட்டுப் போயிற்று.

நடந்தது என்ன? அவன் எழுதியது சி மொழியில். அதில் ஃபைலைத் திறக்க ‘எஃப்ஓபன்’ என்ற ஃபங்ஷன் உண்டு. அதற்கு ‘டபிள்யூ’ என்ற எழுத்தைக் கொடுத்திருந்தான். பாடப் புத்தகங்களில் எழுதுவதற்கு டபிள்யூ என்று ஒரே வரியில் சொல்லிவிடுவார்கள். அது கெர்னலுக்குப் போகும்போது மூன்று குறிப்புகளாக மாறுகிறது: எழுதுவதற்காகத் திற, இல்லாவிட்டால் புதிதாகப் போடு, இருந்தால் உள்ளே உள்ளதை அழித்து நீளத்தைப் பூஜ்யமாக்கு. பழைய கிரியேட்டின் பொருளும் இதே மூன்றுதான். பெயர் ‘புதிதாக உருவாக்கு’ என்றிருந்தாலும், இருப்பதைத் துடைத்துக் காலியாக்கும் வேலையும் அதற்குள் இருக்கிறது. முதல் பக்கத்தின் பாட்டுகள் அந்த நொடியிலேயே போய்விட்டன. அவை இருந்த கட்டங்கள் காலி என்று குறிக்கப்பட்டு, அடுத்து வந்த ஒலி எங்கு வேண்டுமானாலும் எழுதப்படலாம் என்றாகிவிட்டது.

இதைத் தடுக்க ஒரு குறிப்புப் போதும். அதற்கு ‘ஓ-எக்ஸ்கிள்’ என்று பெயர். “இல்லாவிட்டால் மட்டும் புதிதாகப் போடு, இருந்தால் தொடாதே, 17 என்று பதில் சொல்” என்பது அதன் பொருள். சி மொழியின் 2011ஆம் ஆண்டுத் தரத்தில் டபிள்யூவுடன் ‘எக்ஸ்’ என்ற எழுத்தையும் சேர்த்துக் கொடுக்கலாம் என்று ஆக்கினார்கள். பைதான் மொழியில் 2012இல் வந்த 3.3 பதிப்பிலிருந்து டபிள்யூவுக்குப் பதிலாக எக்ஸ் போடலாம். ஓர் எழுத்துதான் வித்தியாசம். அந்த ஓர் எழுத்து இருந்திருந்தால் புரோகிராம் இரண்டாவது பக்கத்தில் நின்று, “இந்தப் பெயரில் ஏற்கெனவே இருக்கிறது” என்று சொல்லியிருக்கும். பையன் வேறு பெயர் கொடுத்திருப்பான்.

விண்டோஸிலும் இதே தேர்வு உண்டு. அங்கே ‘கிரியேட்ஃபைல்’ என்ற ஒரே ஃபங்ஷன், திறப்பதற்கும் அதுதான், புதிதாகப் போடுவதற்கும் அதுதான். ‘கிரியேட் நியூ’ என்று கேட்டால், ஏற்கெனவே இருந்தால் மறுத்துவிடும். ‘கிரியேட் ஆல்வேஸ்’ என்று கேட்டால் இருப்பதை அழித்துவிட்டுப் போடும். நியூவுக்கும் ஆல்வேஸுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு தாயின் குரல் அளவுக்குப் பெரியதாகலாம்.

இரண்டு கவுண்டர், ஒரு பெர்த்

“முன்கூட்டியே ஃபைல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இல்லையென்றால் போடலாமே, தனியாக ஒரு குறிப்பு எதற்கு?” என்று சில பிள்ளைகள் என்னிடம் கேட்பார்கள். கேள்வி நியாயமானதுதான்.

தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஒரே ஒரு பெர்த் மீதி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு கவுண்டர்களில் இருப்பவர்களும் ஒரே சமயத்தில் பார்க்கிறார்கள். இருவருக்கும் காலி என்று தெரிகிறது. இருவரும் டிக்கெட் கொடுத்துவிடுகிறார்கள். புது தில்லி ஸ்டேஷனில் ஒரே பெர்த்துக்கு இரண்டு குடும்பங்கள் முறுக்கு டின்னும் ஹோல்டாலுமாக வந்து நிற்கும். பார்ப்பதற்கும் கொடுப்பதற்கும் இடையே உள்ள இடைவெளிதான் இங்கே கோளாறு. இரண்டையும் பிரிக்க முடியாத ஒரே செயலாகச் செய்தால்தான் சண்டை வராது.

ஓ-எக்ஸ்கிள் செய்வது அதைத்தான். தேடுவதும் போடுவதும் கெர்னலுக்குள் ஒரே மூச்சில் நடக்கின்றன. இடையில் வேறு யாரும் புகுந்து அதே பெயரில் போட முடியாது. இரண்டு புரோகிராம்கள் ஒரே கணத்தில் கேட்டாலும் ஒன்றுக்குத்தான் கிடைக்கும், மற்றதற்கு 17. வெளியே நின்றுகொண்டு பார்த்துவிட்டு உள்ளே போவது ஒருநாளும் இதற்கு ஈடாகாது.

கரண்ட் போனால்

தில்லிக் கோடையில் இதையும் சொல்லாமல் விட முடியாது. ஃபைல் போட்டாயிற்று, எழுதியும் ஆயிற்று என்று கெர்னல் சொன்னாலும், பல சமயம் எல்லாம் இன்னும் மெமரியில்தான் இருக்கும். வேகத்துக்காக, சற்றுப் பொறுத்துச் சேர்த்துவைத்து டிஸ்க்கில் எழுதும். அதற்குள் கரண்ட் போனால் எழுதியது போயிற்று. டிஸ்க்கில் ஏறும்வரை காத்திருக்க ‘எஃப்சிங்க்’ என்ற கால் உண்டு. புது ஃபைல் என்றால் அதற்கு மட்டும் சொன்னால் போதாது, அது இருக்கும் டைரக்டரிக்கும் சொல்ல வேண்டும். பெயர் இருப்பது டைரக்டரியில் என்று முன்பே பார்த்தோம் அல்லவா?

முக்கியமான பழைய ஃபைலைப் புதுப்பிக்கும்போது நல்ல புரோகிராம்கள் நேரே அதன்மேல் எழுதுவதில்லை. வேறொரு பெயரில் புது ஃபைல் போட்டு, முழுவதும் எழுதி, டிஸ்க்கில் ஏற்றி, அதன்பிறகு பழைய பெயரை அதற்குச் சூட்டுகின்றன. பெயர் மாறுவது ஒரே செயலாக நடப்பதால், மற்ற புரோகிராம்கள் பார்த்தால் பழையது முழுதாகத் தெரியும், அல்லது புதியது முழுதாகத் தெரியும். பாதி எழுதிய ஃபைல் அந்தப் பெயரில் யார் கண்ணிலும் படாது.

தமிழில் பெயர் வைக்கலாமா?

தாராளமாக வைக்கலாம். யூனிக்ஸ் வழியில் வந்தவற்றில் பெயருக்கு விலக்கு இரண்டே இரண்டுதான்: சாய்கோடும், பூஜ்ய மதிப்புள்ள பைட்டும். மற்றபடி எது எழுதினாலும் கெர்னல் ஏற்கும். ஆனால் நீளத்தைக் கவனிக்க வேண்டும். 1979இல் வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் பெயருக்கு 14 பைட்தான் இடம். இன்று லினக்ஸில் வழக்கமாக உள்ள ஃபைல் அமைப்புகளில் 255 பைட். யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட் ஆகிறது. ‘தமிழ்’ என்ற சொல்லில் நம் கணக்குப்படி மூன்று எழுத்து. கம்ப்யூட்டர் கணக்கில் இகரக் குறியும் புள்ளியும் தனித்தனியாகச் சேர்ந்து ஐந்து குறி, 15 பைட். பழைய 14 பைட் இடத்தில் ‘தமிழ்’ என்ற ஒரு சொல்கூட அடங்கியிருக்காது! ‘பாட்டியின் ஊஞ்சல் பாட்டு’ என்று வைத்தால் 12 எழுத்து, இடைவெளியோடு 68 பைட். 255க்குள் வசதியாக அடங்கும். விண்டோஸில் வைத்த மிக நீண்ட தமிழ்ப் பெயர் சில சமயம் லினக்ஸுக்கு நகலாகாமல் நிற்பது இந்த வரம்பினால்தான்.

இன்னொரு செய்தி. இந்த யூடிஎஃப்-8 முறையை 1992இல் ராப் பைக்குடன் சேர்ந்து வகுத்தவர் வேறு யாருமல்ல, கிரியேட்டில் ஈயை விட்ட அதே கென் தாம்சன்தான். ஓர் எழுத்தை விட்டவர், உலகத்து எழுத்துகளையெல்லாம் ஃபைல் பெயருக்குள் கொண்டுவர வழி செய்தார்.

பழைய கேசட்டுகளையும் புகைப்படங்களையும் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை இப்போது நம் வீடுகள் பலவற்றில் நடக்கிறது. பிள்ளைகள்தான் செய்து தருகிறார்கள். அவர்களிடம் கொடுக்குமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: “அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு ஃபைல் இருந்தால் உன் புரோகிராம் என்ன செய்யும்?” உடனே பதில் சொல்லும் பிள்ளையிடம் தைரியமாகக் கொடுக்கலாம். யோசிக்கும் பிள்ளையிடம் இந்தக் கட்டுரையை முதலில் கொடுங்கள், கேசட்டைப் பிறகு கொடுக்கலாம்.